மாலை போட்ட படம்

எங்கள் வீட்டில் கோபம் என்றால் அது அம்மாவின் கோபம்தான். அப்பாவுக்கும் வரும், ஆனால் தட்டில் சோறு விழுந்ததும் போய்விடும். அம்மாவின் கோபம் சோற்றுக்கெல்லாம் மசியாது. கூடப்பிறந்த ஒரே தம்பியோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்தவள் அவள். அதுவும் எதற்காக என்று நினைக்கிறீர்கள்? ஒரு போட்டோவுக்காக.

அம்மாவின் பிறந்த ஊர் எருத்தேம்பதி. அங்கே அவளைப் பெற்றவள் இறந்தபோது நல்லதம்பி மாமா கோயமுத்தூரிலிருந்து ஒரு போட்டோக்காரரை வரவழைத்திருந்தார். கொஞ்சம் வசதியுள்ள வீடுகளில் அப்போது அது ஒரு வழக்கமாகிக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கும்போது யாரும் படம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆயுசு குறையும் என்று பயம். செத்த பிறகு குறைய என்ன இருக்கிறது? நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, சுற்றிலும் குடும்பத்தார் நின்று ஒரு படம். அந்தப் படத்துக்கு அம்மா தன் தாயின் நாற்காலியை ஒட்டிப் போய் நின்றாள். பங்காளிப் பெரியவர் ஒருவர் மாமாவின் காதில் ஏதோ சொன்னார். மாமா அழுத கண்ணோடு அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டார்.

“அக்கா, நீ சித்தே அக்கட்டால நவுந்துக்க. இது நம்ம ஊட்டுப் படம். நீ வேத்தூட்டுக்குப் போனவ.”

அம்மா நகர்ந்துகொண்டாள். எல்லாக் காரியமும் முடிந்து வண்டி ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள். “நான் வேத்தூட்டுக்காரி. சரி. நான் செத்தா உன்ற கோடி எனக்கு வேண்டாம்.”

எங்கள் சனத்தின் வழக்கம் தெரியாதவர்களுக்கு இது பெரிதாகப் படாது. எங்களில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வரவேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போர்த்தினால்தான் அவளை எடுப்பார்கள். அந்தக் கோடியை வேண்டாம் என்று ஒருத்தி சொல்வது, எனக்குப் பிறந்த வீடே இல்லை என்று சொல்வதுதான். இதைவிடப் பெரிய பேச்சு எங்களிடம் கிடையாது. மாமா அன்றைக்கு வண்டித் தடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எருத்தேம்பதி கொச்சி ராஜாவின் சீமை. நாங்கள் இருந்த முதலமடை வெள்ளைக்காரனின் மலபார். விடியக் கட்டினால் வெயில் ஏறுவதற்குள் மாட்டுவண்டி போய்விடும். ராஜாவும் வெள்ளைக்காரனும் நடுவில் போட்ட எல்லையைப் புளி வியாபாரிகூடத் தினமும் தாண்டிக்கொண்டிருந்தான். அக்காவும் தம்பியும்தான் தாண்டவில்லை.

எனக்குத் தை மாதத்தில் கல்யாணம் வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீர் இல்லாமல் எங்களில் மணவறை ஏற முடியாது. என் கழுத்தில் மாலை எடுத்துப் போட வேண்டியவர் அவர்தான். என் அப்பா குப்பண்ணன் சாது. தானே போய் அழைத்து வருவதாகப் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தார்.

“போங்க. போனா அங்கயே இருந்துக்கங்க” என்றாள் அம்மா.

எனக்கு மாமா வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாப்பிள்ளையைவிட மாமா வருவாரா என்பதுதான் அப்போது எனக்குக் கவலை. சின்ன வயதில் சந்தைக்கு என்னைத் தோளில் தூக்கிப்போய், தேன்மிட்டாய் ஒட்டிய என் கையைத் தன் மீசையிலேயே துடைக்கவிட்ட மனுஷர் அவர். அம்மாவுக்கும் அவர் வேண்டும். எருத்தேம்பதிப் பக்கமிருந்து யார் வந்தாலும் மழை பெய்ததா, ஆடு மாடு எப்படி என்று சுற்றிச் சுற்றிக் கேட்பாள். தம்பி பெயரை மட்டும் வாயில் எடுக்க மாட்டாள்.

ஐப்பசி மாதத்தில் ஒருநாள் எங்கள் கடலைக் காட்டுக்கு ஈஸ்வரமூர்த்தி என்றொரு போட்டோக்காரர் வந்து சேர்ந்தார். எங்கள் ஊருக்கு ரயில் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அது கொண்டுவந்து இறக்கிய அதிசயங்களில் அவரும் ஒருவர். பொள்ளாச்சியில் படக்கடை வைத்திருந்தார். முக்காலி, பெட்டி, கறுப்புத்துணி எல்லாவற்றையும் தாமே சுமந்து, வரப்பில் இரண்டு முறை சறுக்கி, வேர்த்து வடிந்து வந்தார். பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தில் மார்கழியில் பொருட்காட்சி நடக்கப் போகிறதாம். மாடு, நெல், நெசவு இவற்றோடு இந்தத் தடவை போட்டோக்களுக்கென்றே ஒரு கொட்டகை. இந்தச் சீமையின் இடங்களையும் மனுஷர்களையும் படமாக எடுத்துத் தொங்கவிடுவார்களாம்.

அம்மா கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் தென்மலை மழை கழுவிவிட்டதுபோல் நீலமாக நின்றது. போட்டோக்காரர் அதையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க அக்கா, அந்தக் கூடைய இடுப்புல வெச்சு அப்பிடியே நில்லுங்களேன். ஒரு படம் எடுத்துக்கறனுங்க.”

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. “நல்லா இருக்கறவளப் படம் எடுக்கறதா? கல்யாணத்த வெச்சுக்கிட்டு? வேண்டாமுங்க.”

அம்மா மண் ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவள் மறுக்கப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

“எடுக்கட்டும். ஒரு படத்துலயாச்சும் நானும் இருந்துக்கறேன்” என்றாள்.

அந்த வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று அப்பாவுக்கும் எனக்கும் தெரியும்.

போட்டோக்காரர் கறுப்புத்துணிக்குள் தலையை விட்டார். அசையக் கூடாது, சிரிக்கக் கூடாது, மூச்சைக்கூடப் பார்த்து விட வேண்டும் என்று உள்ளேயிருந்தே அதிகாரம் செய்தார். அம்மா விறைத்து நின்றாள். அந்த நேரத்தில் எங்கள் செவலைக் கன்று அவர் பின்னால் போய்க் கறுப்புத்துணியின் நுனியை வாயில் போட்டு நிதானமாக மெல்ல ஆரம்பித்தது. துணி இழுபட இழுபட, யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அவர் உள்ளேயே “இருங்க, இருங்க” என்றார். அம்மா சிரித்துவிட்டாள். வாய்விட்டு, கண் சுருங்க, ஆறு வருஷமாக அவளிடம் நான் பார்க்காத சிரிப்பு. பெட்டிக்குள் ‘டிக்’ என்று சத்தம் கேட்டது.

பிறகு நாங்கள் அதை மறந்துபோனோம். கல்யாண வீட்டில் மறப்பதற்கா காரணம் இல்லை? மார்கழியில் பொருட்காட்சி திறந்ததோ, எங்கள் படத்துக்கு அங்கே முதல் பரிசு கிடைத்ததோ எங்களுக்குத் தெரியாது.

தெரிந்திருந்தால், பரிசு பெற்ற படத்தை என்ன செய்தார்கள் என்பதும் தெரிந்திருக்கும். பொருட்காட்சியை நடத்தியவர்கள் மலையாளத்துக்காரர்கள். அவர்களுக்கு எந்த நல்ல காரியமானாலும் நிலவிளக்கு ஏற்றியாக வேண்டும். ஆளுயரப் பித்தளை விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் ஏற்றி வைத்தார்கள். பரிசு வாங்கிய மனுஷருக்கு மாலை போடுவதுபோல் படத்துக்கும் போட்டால் அழகாக இருக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. சட்டத்தின் இரண்டு மூலையிலும் பிடித்து, நல்ல கனமான செவ்வந்தி மாலை. அவர்கள் செய்தது மரியாதைதான். நான் குறை சொல்லவில்லை.

ஆனால் நல்லதம்பி மாமா அன்றைக்குத் தம் காளையை மாட்டுக் காட்சிக்கு ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். காளையைப் பண்ணையாளிடம் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கொட்டகைக்குள் நுழைந்தவர், தன் அக்காவை மாலை போட்ட சட்டத்துக்குள் பார்த்தார். கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கள் சனத்தில் யாரைக் கேட்டாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

யாரையாவது ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். மாமா விசாரிக்கவில்லை. விசாரிக்க நாக்கு வரவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். தனக்கு ஏன் சாவுச் செய்தி வரவில்லை என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. “உன்ற கோடி வேண்டாம்” என்று அவள் சொல்லியிருக்கிறாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். அக்காவின் பிடிவாதம் தம்பிக்குத் தெரியாதா?

நேராகக் கடைவீதிக்குப் போனார். சுமங்கலியாகப் போனவளுக்குக் கட்டும் சிவப்புச் சேலை, மஞ்சள், குங்குமம், ஒரு பந்து மல்லிகைப்பூ எல்லாம் வாங்கினார். அவள் வேண்டாம் என்றாலும் சரி, எடுத்து முடித்திருந்தாலும் சரி, கருமாதிக்காவது அதைக் கொண்டுபோய் அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவது என்று ரயில் ஏறினார்.

மாலை வெயிலில் அவர் எங்கள் வாசலுக்கு வந்தபோது அப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள்தான் பழனிக்குப் போய், என் கல்யாணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று மொட்டை அடித்துக்கொண்டு வந்திருந்தார். பளபளவென்று வழித்த தலை. மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் அந்தத் தலையைப் பார்த்ததும் மாமாவுக்குப் போய்விட்டது.

“மச்சான்!” என்று ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். “எனக்கு ஒரு வார்த்த சொல்லியுடலியே மச்சான்! நானென்ன அவ்வளவு பாவியா?”

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் யாராவது அழுதால் கூட அழுதுவிடுகிற ஆள் அவர். இவரும் அழ ஆரம்பித்துவிட்டார். ஆறு வருஷம் கழித்து மைத்துனன் வந்திருக்கிறானே, அதுவே அவருக்குப் போதும். சத்தம் கேட்டு நான் வெளியே வந்தேன். மாமா என் தலையைப் பிடித்து மார்பில் சாய்த்துக்கொண்டார். மீசை நரைத்திருந்தது.

“தாயில்லாப் புள்ளையாப் போயிட்டியே கண்ணு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சற்றுமுன்தான் அந்தத் தாயிடம் நான் நன்றாகத் திட்டு வாங்கிவிட்டு வந்திருந்தேன்.

“யாருடி அங்க ஒப்பாரி வெக்கறது? பொழுது போற நேரத்துல!” என்று மாட்டுக் கட்டுத்தரையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. குரலுக்குப் பின்னாலேயே அம்மாவும் வந்தாள். முழங்கைவரை பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் அப்பியிருந்த கை. இடுப்பில் செருகிய சேலை.

மாமா அவளைப் பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். கையிலிருந்த மூட்டை அவிழ்ந்து விழுந்து, சிவப்புச் சேலையும் மஞ்சளும் பூவும் வாசலில் சிதறின.

அம்மா முதலில் தம்பியைப் பார்த்தாள். பிறகு சேலையைப் பார்த்தாள். எங்கள் பெண்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

“எனக்கா?” என்று கேட்டாள்.

மாமா தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, கொட்டகை, மாலை, விளக்கு என்று சொல்லி முடித்தார். “நீ வேண்டாம்னு சொன்னது நெனப்பிருக்குது அக்கா. ஆனாலும் மனசு கேக்குல. வாசல்ல வெச்சுப்போட்டுப் போயர்லாம்னு வந்தேன்.”

நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்ன சொல்லை விழுங்குகிற பழக்கம் அவளுக்கு இல்லை. அவள் மட்டும் திரும்பி உள்ளே போய்விட்டால் மாமா இந்த ஜன்மத்தில் மறுபடி எங்கள் வாசல் மிதிக்க மாட்டார்.

அம்மா திரும்பித்தான் போனாள். தொட்டியடிக்குப் போய்க் கையை இரண்டு தரம் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து தம்பி முன்னால் நின்றாள்.

“நான் செத்தா வேண்டாம்னுதான சொன்னேன்? உசுரோட இருக்கைல வேண்டாம்னு சொன்னனா? எடுத்துக் குடு” என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

மாமா எடுத்துக் கொடுக்கவில்லை. அவளுடைய காலைக் கட்டிக்கொண்டார். அம்மா குனிந்து அவர் தலையில் கை வைத்தாள். அப்புறம் அவளும் அழுதாள். அழுதுகொண்டே “தலைக்கு எண்ணெ வெக்கறதில்லியாடா, உன்ற பொண்டாட்டி என்ன பண்றா?” என்று கேட்டாள்.

அப்பாவுக்கு மட்டும் மனசு அடித்துக்கொண்டது. “ஏம்புள்ள, எழவுக்கு வாங்கின சேலையக் கட்டலாமா?” என்றார் மெதுவாக.

“எழவே உழுவுலியே, அப்பறம் எப்பிடி அது எழவுச் சேல ஆவும்? என்ற தம்பி எடுத்தாந்த சேல. நாளைக்கே கட்டுவேன்.”

சொன்னபடி மறுநாள் காலையிலேயே கட்டிக்கொண்டாள். மாமா கண்ணைத் தூக்கி அந்தச் சேலையைப் பார்க்க முடியாமல் பார்த்துக்கொண்டு கூடவே வந்தார். நாங்கள் நாலு பேரும் பாலக்காட்டுக்கு ரயில் ஏறினோம். அந்த மாலையைத் தன் கையால் கழற்றினால்தான் தனக்குச் சோறு இறங்கும் என்று மாமா ராத்திரியே அறிவித்திருந்தார்.

கொட்டகைக்குள் நல்ல கூட்டம். கல்பாத்தித் தேர், சித்தூர் ஆற்றில் குளிக்கிறவர்கள், பாலத்தின் மேல் ரயில் என்று சுவர் முழுக்கப் படங்கள். நடுவில் எங்கள் அம்மா. இடுப்பில் கடலைக் கூடை, பின்னால் தென்மலை, கண்ணைச் சுருக்கி ஒரு சிரிப்பு. சிரிப்புக்குக் காரணமான கன்றுக்குட்டிதான் படத்தில் விழவில்லை. பெரிய ஊர்க்காரர்கள் கைகட்டி நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தன் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “பல்லு இத்தன தெரியோணுமா?” என்றாள்.

மாமா நிற்கவில்லை. நேரே போய் விளக்கைச் சுற்றிக் கையை நீட்டி மாலையைக் கழற்றிவிட்டார். பொருட்காட்சிச் செக்ரெட்டரி பதறிக்கொண்டு ஓடிவந்தார். வெள்ளைச் சட்டை போட்ட மலையாளத்துக்காரர்.

“எந்தா இது? பரிசு கிட்டின படமல்லோ? மாலையில் தொடக் கூடாது!”

“இது என்ற அக்காங்க. உசுரோட இருக்கறா. இதா நிக்கறா பாருங்க!” என்று மாமா அம்மாவின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

கூட்டம் மொத்தமும் படத்திலிருந்து அம்மாவுக்கும், அம்மாவிலிருந்து படத்துக்கும் திரும்பிப் பார்த்தது. சிவப்புச் சேலையில் அம்மா வெட்கத்தால் இன்னும் சிவந்தாள். செக்ரெட்டரிக்கு விஷயத்தைச் சொன்னதும் அவர் காதைப் பொத்திக்கொண்டார். நல்ல மனுஷர். மாலையைத் தாமே வாங்கி ஓரமாக வைத்தார். விளக்கையும் நகர்த்தச் சொன்னார்.

அதற்குள் போட்டோக்காரர் ஈஸ்வரமூர்த்தியும் வந்துவிட்டார். நான் படத்தின் கீழே ஒட்டியிருந்த அட்டையைப் படித்தேன். மூன்றாம் வகுப்புவரை போனவள் என்பதால் எங்கள் வீட்டில் படிப்பு என்றால் நான்தான். ‘மலபார் எல்லைப்புறக் குடியானவப் பெண்’ என்று இருந்தது.

“பேரு போடலியா?” என்று மாமா கேட்டார்.

“எந்தப் படத்துக்கும் போடலீங்க. இன்ன ஊரு, இன்ன சனம்னு மட்டுந்தான் போட்டிருக்குது” என்றார் போட்டோக்காரர்.

“அப்பிடிப் பேரில்லாமத் தொங்கறதாலதாங்க கண்டவங்களும் மாலை போடறாங்க. பேரு எழுதுங்க. மருதாத்தாள்.”

செக்ரெட்டரி சரி என்று தலையசைத்தார். போட்டோக்காரர் புது அட்டை ஒன்றை எடுத்து எழுதினார். “ஊரு?” என்று கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தார். அதற்கு முன்னால் மாமா சொல்லிவிட்டார். “எருத்தேம்பதிங்க.”

“எருத்தேம்பதி கொச்சி ராஜ்யமல்லோ?” என்றார் செக்ரெட்டரி. “படம் எடுத்தது மலபாரில்.”

“படம் எங்க எடுத்தா என்னங்க? அவ எங்க ஊட்டுப் புள்ள” என்றார் மாமா. அவர் குரல் உடைந்துவிட்டது. “அதத்தான் எழுதோணும். எங்க ஊட்டுப் புள்ள.”

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு படத்திலிருந்து நகர்ந்துகொள்ளச் சொன்ன அதே வாய்தான் இதைச் சொன்னது. பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, “முதலமடையையும் சேத்து எழுதச் சொல்லுடா. உன்ற மச்சான் மூஞ்சி வாடுது பாரு” என்றாள்.

போட்டோக்காரர் சிரித்துக்கொண்டே எழுதப் போனார். மாமா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“உசுரோட இருக்கறான்னும் எழுதோணுமுங்க.”

“அப்பிடியெல்லாம் யாராச்சும் எழுதுவாங்களாங்க?” என்றார் அவர். மாமாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏதோ யோசித்து, நிதானமாக எழுதி முடித்து, அட்டையைப் படத்தின் கீழே ஒட்டினார்.

“என்னன்னு எழுதியிருக்குது? படி” என்றாள் அம்மா.

நான் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். “மருதாத்தாள். பிறந்தது எருத்தேம்பதி. வாழ்வது முதலமடை.”

அம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னொருக்காப் படி” என்றாள்.